கொடுக்கவுமில்லை, மறுக்கவுமில்லை!

"பாஸா, பெயிலா?" என்று கேட்கிறாள் தாய்.

கல்லூரித் தேர்வு முடிவு வெளியான நாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை தேறிவிட்டான். அங்கே தெருவுக்கே சர்க்கரை வழங்குகிறார்கள். எதிர்வீட்டுப் பிள்ளை தவறிவிட்டான். அங்கே அழுகை, பிறகு ஆறுதல், பிறகு அடுத்த தேர்வைப் பற்றிய பேச்சு. இந்த வீட்டுப் பிள்ளை மட்டும் திண்ணையிலே உட்கார்ந்திருக்கிறான். முகத்திலே சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

"ரெண்டும் இல்லேம்மா. 'வித்ஹெல்டு'ன்னு போட்டிருக்கு."

"அப்படீன்னா?"

மகனால் பதில் சொல்ல முடியவில்லை. படித்தவன் அவன், எழுதியவன் அவன், பெற்ற மதிப்பெண்ணும் அவனுடையது. ஆனால் அந்த மதிப்பெண் இப்போது யாரோ ஒருவருடைய மேசை அறையிலே இருக்கிறது. தரமாட்டோம் என்றும் சொல்லவில்லை, தருகிறோம் என்றும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்கலாமென்றால், யாரைக் கேட்பது என்பதும் தெரியவில்லை.

"அப்படீன்னா?" — அந்தத் தாய் கேட்ட அதே கேள்வியை இந்த நாட்டின் உச்சநீதி மன்றமும் கேட்டது. மூன்று ஆண்டுகளில் மூன்று முறை கேட்டது. கட்டுக் கட்டாகச் சட்டப் புத்தகங்களைச் சுமந்து வந்து, கற்றறிந்த வழக்கறிஞர்கள் நாட்கணக்கில் வாதாடினார்கள். எதைப்பற்றி? ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லைப் பற்றி! 'வித்ஹோல்டு' என்னும் அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன என்பதைப் பற்றி!

சொல்லாராய்ச்சி புலவர்களுக்குப் பொழுதுபோக்கு, நமக்கு ஏன் அந்த வேலை என்று தோழர்கள் எண்ணிவிடக் கூடாது. எட்டுக் கோடித் தமிழர்களின் வாக்குச் சீட்டுக்கு மதிப்பு உண்டா இல்லையா என்பது, அந்த ஒரு சொல்லிலே தொங்கிக் கொண்டிருந்தது. ஆகவேதான் அதை இன்று எடுத்துக்கொண்டோம்.

சொல்லின் பிறப்பு

ஆங்கிலத்திலே தடுத்தலைக் குறிக்கும் சொற்கள் பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

'அப்ஸ்ட்ரக்ட்' என்றொரு சொல். லத்தீனில் 'எதிரே அடுக்கு' என்பது அதன் வேர்ப்பொருள். நடந்து வருகிறவனுக்கு எதிரே கல்லை அடுக்கிச் சுவரெழுப்புவது போன்ற தடுப்பு அது. 'இம்பீட்' என்றொரு சொல். அதற்குள்ளே இருப்பது கால். காலைப் பிணிப்பது அதன் வேலை. 'ஹிண்டர்' என்றொரு சொல். 'பின்' என்ற பொருள் அதிலே இருக்கிறது. முன்னேறுகிறவனைப் பின்தங்க வைப்பது அதன் நோக்கம். 'பிரிவெண்ட்' என்பதற்கோ 'முன்னால் வந்து நில்' என்பது பழம்பொருள். நாம் போய்ச் சேருமுன் அங்கே போய் நின்று தடுப்பவனின் சொல் அது.

இந்த நான்குக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. நான்கும் பாதையிலே நடப்பவை. ஊர் பார்க்க நடப்பவை. சுவர் கண்ணுக்குத் தெரியும். காலில் விலங்கிட்டால் ஓசை கேட்கும். வழியை மறித்து நிற்பவனின் முகத்தைப் பார்க்கலாம், "ஏனப்பா மறிக்கிறாய்?" என்று கேட்கலாம்.

'வித்ஹோல்டு' அப்படிப்பட்டதன்று. அது பாதையிலே நடப்பதில்லை, கைக்குள்ளே நடப்பது.

'ஹோல்டு' என்றால் பிடித்திரு. அது நமக்குத் தெரியும். 'வித்' என்றால்? 'உடன்' என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லுவான். அப்படியானால் இரண்டையும் சேர்த்தால் 'உடன் பிடித்திரு' என்றல்லவா வரவேண்டும்? வரவில்லையே, ஏன்? பழைய ஆங்கிலத்திலே 'வித்' என்ற சொல்லுக்கு 'எதிராக' என்பதே பொருள். காலம் செல்லச் செல்ல அது தன் பழைய பொருளைக் களைந்துவிட்டு, 'உடன்' என்ற புதுப் பொருளைப் போர்த்திக்கொண்டது. ஆனால் பழைய கூட்டுச் சொற்களிலே பழைய குணம் அப்படியே தங்கிவிட்டது. 'வித்ஸ்டாண்டு' — எதிர்த்து நில். 'வித்ஹோல்டு' — எதிராகப் பிடித்துக்கொள், உரியவனுக்குப் போகவிடாமல் வைத்துக்கொள்.

உடனிருப்பதுபோல் தோன்றும், எதிராக இருக்கும்! சில சொற்களுக்கு மட்டுமா அந்தக் குணம், சில பதவிகளுக்கும் உண்டு என்பதைப் பின்னால் பார்ப்போம்.

சாவி ஒருவனிடம், நெல் ஒருவனுடையது

இச்சொல்லை ஆங்கிலேயர் எங்கெங்கே வழங்குகிறார்கள் என்று கவனித்தால், மூன்று அடையாளங்கள் தென்படும்.

முதலாவது, பொருள் நம் கையிலே இருக்க வேண்டும். கையில் இல்லாததை நிறுத்திவைக்க முடியாது. இரண்டாவது, அது பிறருக்குச் சேரவேண்டியதாக இருக்க வேண்டும். என் சட்டைப்பையிலுள்ள என் பணத்தை நான் செலவழிக்காமல் இருந்தால், அதற்கு இந்தச் சொல் பொருந்தாது. உழைத்தவன் கூலியை முதலாளி தராமல் வைத்துக்கொண்டால் அங்கே இந்தச் சொல் வரும். குற்றம் சாட்டப்பட்டவனுக்குச் சாதகமான சாட்சியத்தை வழக்குத் தொடுத்தவர்கள் மறைத்து வைத்துக்கொண்டால் அங்கே வரும். மூன்றாவது அடையாளம்தான் முக்கியமானது: இதைச் செய்வதற்கு வாயைத் திறக்க வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும்!

'மறுக்கிறேன்' என்று சொல்லுகிறவன் ஒரு சொல்லையாவது செலவழிக்கிறான். அந்தச் சொல்லை நாம் பிடித்துக்கொள்ளலாம், காரணம் கேட்கலாம், வழக்கு மன்றத்திலே நிறுத்தலாம். தள்ளிவிடுதல் என்ற பொருளில் 'ரிஜெக்ட்' என்கிறார்களே, அதன் வேரே 'திருப்பி எறி' என்பதுதான். எறிந்தாலும் பொருள் நம்மிடம் திரும்பி வந்துவிடுகிறது; பொறுக்கி எடுத்து, திருத்தி, மீண்டும் கொண்டு போகலாம். 'வித்ஹோல்டு' செய்கிறவனிடமிருந்து பதிலும் வருவதில்லை, பொருளும் வருவதில்லை.

நம் பண்ணைகளிலே இந்தக் காட்சியைக் கண்டவர்கள் உண்டு. பத்தாயத்துச் சாவி கணக்குப்பிள்ளை கையிலே. நெல், நாற்றங்காலிலிருந்து களத்துமேடு வரை முதுகு வளைத்தவனுடையது. "கூலி நெல்லைக் கொடுங்க" என்று கேட்டால், இல்லை என்று சொல்லமாட்டார் கணக்குப்பிள்ளை. "பார்க்கலாம்" என்பார். அந்தப் 'பார்க்கலா'மில் எத்தனை அடுப்புகள் எரியாமல் போயின!

நம் மொழியிலே இதற்குச் சொல் இல்லையா? உண்டு. 'கிடப்பில் போடுதல்' என்கிறார்கள் மக்கள். அலுவலக வாசலிலே ஆண்டுக்கணக்கில் நின்று நின்று கால் வலித்தவர்கள் உண்டாக்கிய சொல் அது. அகராதிக்காரர்களைக் காட்டிலும் அழகாகப் பொருளைப் பிடித்துவிட்டது.

கவர்னர் கைக்கு வந்த கதை

இந்தச் சொல் அரசியல் சட்டத்துக்குள் எப்படி நுழைந்தது?

இங்கிலாந்திலே பார்லிமெண்ட் நிறைவேற்றும் மசோதா, மன்னரின் இசைவு பெற்றால்தான் சட்டமாகும். இசைவில்லை என்றால் பழைய பிரெஞ்சு மொழியில் ஒரு வாசகம் படிப்பார்கள். அதற்குப் பொருள், 'அரசி ஆலோசிப்பார்' என்பது. முடியாது என்று முகத்திலடித்தாற்போல் சொல்லாமல், 'ஆலோசிப்பார்' என்று பட்டுத்துணியிலே சுற்றிச் சொன்னார்கள்! நம் கணக்குப்பிள்ளையின் 'பார்க்கலாம்' அரண்மனையிலும் இருந்திருக்கிறது.

ஆனால் அந்த வாசகத்தைக் கடைசியாக அங்கே படித்தது 1708-ஆம் ஆண்டு, ஆன் அரசியின் காலத்திலே. ஸ்காத்லாந்து ராணுவப்படை பற்றிய மசோதா அது. அதையும் அரசி தன் போக்கில் தடுக்கவில்லை. அமைச்சர்கள் சொன்னார்கள், அரசி செய்தார். அதன் பிறகு முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. முடி இருக்கிறது, அரண்மனை இருக்கிறது, தங்கக் கோல் இருக்கிறது. அந்த வாசகம் மட்டும் ஒலிக்கவேயில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் முடிவு செய்ததை முடிசூடியவரும் நிறுத்திவைப்பதில்லை.

தன் வீட்டிலே பூட்டி வைத்த அந்த ஆயுதத்தை, ஆங்கில ஏகாதிபத்தியம் பிறர் வீட்டிலே எடுத்து நீட்டியது. 1867-இல் கனடாவுக்கு ஒரு சட்டம் எழுதினார்கள். கவர்னர் ஜெனரல் இசைவு தரலாம், இசைவை 'வித்ஹோல்டு' செய்யலாம், அல்லது மகாராணியாரின் சித்தத்துக்காக ஒதுக்கி வைக்கலாம் என்று மூன்று வழி வகுத்தார்கள். 1900-இல் ஆஸ்திரேலியாவுக்கு எழுதினார்கள். அதிலும் அதே மூன்று வழி. 1935-இல் இந்தியாவுக்கு எழுதினார்கள். 75-ஆவது பிரிவிலே அதே மூன்று வழி, 'தன் விருப்பப்படி' என்ற சொற்களோடு. அந்நாளைய கவர்னர் யார்? லண்டனுக்குக் காவல்காரர். மாகாணத்து மக்கள் எதையாவது செய்துவிடப் போகிறார்களே என்று கண்காணிக்க வந்தவர். அவர் கையிலே அந்தச் சொல் இருந்ததிலே வியப்பில்லை.

வியப்பு எங்கே? வெள்ளைக்காரன் கப்பலேறிப் போனான். சொல் மட்டும் கப்பலேறவில்லை! 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 200-ஆவது பிரிவிலே அதே மூன்று வழிகள் வந்து உட்கார்ந்தன. இசைவு தரலாம், நிறுத்திவைக்கலாம், டில்லிக்காக ஒதுக்கலாம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எழுதியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடவில்லை. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்திலே இருந்த 'தன் விருப்பப்படி' என்ற தொடரை எடுத்துவிட்டார்கள். பொறுப்பாட்சியிலே கவர்னருடைய சொந்த விருப்பத்துக்கு இடம் கிடையாது என்ற விளக்கத்தை 1949-இல் அரசியல் நிர்ணய சபையில் தந்தவர் அம்பேத்கர். கூடவே ஒரு விதியும் சேர்த்தார்கள்: கவர்னர் மசோதாவைக் 'கூடிய விரைவில்' சட்டமன்றத்துக்குத் திருப்பியனுப்பி, மறுபடி ஆராயும்படி கேட்கலாம், மன்றம் மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் கவர்னர் இசைவை நிறுத்திவைக்கக் கூடாது.

நல்ல விதிதான். 'கூடிய விரைவில்' என்றால் எத்தனை நாள்? எழுதவில்லை. நிறுத்திவைத்தவர் திருப்பியனுப்பித்தான் ஆகவேண்டுமா, அல்லது நிறுத்திவைத்தபடியே உட்கார்ந்திருக்கலாமா? தெளிவாக எழுதவில்லை. அந்த இடைவெளியிலேதான் கவர்னர் மாளிகைகள் குடியேறின. 1979-இல் உச்சநீதி மன்றத் தீர்ப்பொன்றிலும், இசைவு நிறுத்திவைக்கப்பட்டால் மசோதா விழுந்துவிடும் என்ற பொருளே சொல்லப்பட்டது.

நாட்காட்டி யாருக்கு?

குடியரசுத் தலைவருக்காக ஒதுக்கப்படும் மசோதாக்களைப் பற்றிப் பேசுவது அடுத்த பிரிவு, 201. அதைப் படித்துப் பாருங்கள் தோழர்களே! குடியரசுத் தலைவர் இசைவு தரலாம், நிறுத்திவைக்கலாம். எத்தனை நாளுக்குள்? நாள் குறிக்கப்படவில்லை. அவர் மசோதாவைத் திருப்பியனுப்பினால் சட்டமன்றம் அதை மறுபடி ஆராய வேண்டும். எத்தனை நாளுக்குள்? ஆறு மாதத்துக்குள்!

டில்லிக்கு நாட்காட்டி இல்லை, மாநிலத்துக்கு உண்டு. கேட்பவனுக்குக் கெடு, கொடுப்பவனுக்குக் கெடு இல்லை. மறுபடி நிறைவேற்றி அனுப்பினாலும் குடியரசுத் தலைவர் இசைந்தே தீரவேண்டும் என்ற கட்டாயமும் அங்கே இல்லை.

அமெரிக்காவிலே எப்படி? அங்கே அதிபருக்குப் பத்து நாள். ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துக்கொண்டு பத்து நாள். அதற்குள் கையெழுத்திடாமலும் திருப்பியனுப்பாமலும் சும்மா இருந்தால், காங்கிரஸ் சபை கூட்டத்தில் இருக்கும்வரை மசோதா தானாகவே சட்டமாகிவிடும். அங்கே மௌனம் சம்மதம்! இங்கே மௌனம் சமாதி! உலகத்திலேயே அதிக அதிகாரம் படைத்த பதவி என்கிறார்களே, அந்தப் பதவிக்குப் பத்து நாள் போதுமானதாக இருக்கிறது. நம் கவர்னர்களுக்கு மட்டும் பத்து மாதமும் போதவில்லை.

தமிழ்நாடு இதை எப்படி அனுபவித்தது?

2017 பிப்ரவரியில் நீட் தேர்விலிருந்து விலக்குக் கேட்டு இரண்டு மசோதாக்களை நம் சட்டமன்றம் நிறைவேற்றியது. கட்சி வேறுபாடின்றி நிறைவேற்றியது. டில்லிக்குப் போயின. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே இசைவு நிறுத்திவைக்கப்பட்டுவிட்டது. மக்களுக்கு அது தெரிய வந்தது எப்போது? 2019 ஜூலையில், சென்னை உயர்நீதி மன்றத்திலே ஒன்றிய அரசின் தரப்பு சொன்னபோது! இடையிலே இரண்டு ஆண்டு. எத்தனை பிள்ளைகள் "வந்துவிடும், வந்துவிடும்" என்று காத்திருந்திருப்பார்கள்!

செய்தி தெரிந்தவுடன் சட்டமன்றத்திலே எதைப்பற்றி விவாதம் நடந்தது தெரியுமா? இந்தச் சொல்லைப் பற்றித்தான். "நிராகரித்துவிட்டார்களே!" என்றனர் எதிர்க்கட்சியினர். "நிராகரிப்பு என்று வரவில்லை, நிறுத்திவைப்பு என்றுதான் வந்திருக்கிறது, இரண்டும் வேறு" என்றது அன்றைய ஆட்சித் தரப்பு. பிள்ளைகளின் எதிர்காலம் ஓர் ஆங்கில அகராதியின் இரண்டு பக்கங்களுக்கு இடையிலே நசுங்கிக்கிடந்தது.

2021 செப்டம்பரில் மீண்டும் ஒரு மசோதா. நான்கு மாதங்களுக்கு மேல் வைத்திருந்து கவர்னர் திருப்பியனுப்பினார். 2022 பிப்ரவரி 8-ஆம் நாள் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது. மசோதா டில்லி சென்றது. மூன்று ஆண்டுக்குப் பின், 2025-இல் வந்தது பதில்: இசைவு இல்லை.

"அப்படீன்னா?"

பல்கலைக் கழகங்களைப் பற்றிய மசோதாக்களின் கதை இன்னும் விசித்திரம். துணைவேந்தர் நியமனம் முதலியவற்றைப் பற்றி 2020-இலிருந்து 2023 வரை நிறைவேற்றிய மசோதாக்கள் கவர்னர் மாளிகையிலே குவிந்தன. அவற்றுள் 2020-இல் அ.தி.மு.க. ஆட்சியிலே நிறைவேறியவையும் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். கட்சி எது என்பதன்று இங்கே கேள்வி. நிறைவேற்றியது தமிழ்நாட்டுச் சட்டமன்றம் என்பதே கேள்வி. மாநிலம் உச்சநீதி மன்றத்தின் படியேறிற்று. அதே 2023-இல் தெலங்கானா, பஞ்சாப், கேரளம் ஆகியவையும் அதே படியை ஏறின. பனிமலையடியிலிருந்து குமரிமுனைப் பக்கம் வரை ஒரே முறையீடு!

வழக்கு எழுந்த பிறகு, 2023 நவம்பர் 13-ஆம் நாள், 10 மசோதாக்கள் மீது இசைவு நிறுத்திவைப்பு. காரணம்? எழுதப்படவில்லை. நவம்பர் 18-ஆம் நாள் சட்டமன்றம் தனிக் கூட்டம் கூடி, பத்தையும் மறுபடி நிறைவேற்றியது. இனி இசைந்தாக வேண்டும் அல்லவா, அரசியல் சட்டப்படி? அந்த மாதம் 28-ஆம் நாள், பத்தையும் குடியரசுத் தலைவருக்கென்று ஒதுக்கினார் கவர்னர்! ஒரு கதவு அடைக்கப்பட்டதும் அடுத்த கதவு.

பஞ்சாப் வழக்கிலே 2023 நவம்பரில் உச்சநீதி மன்றம் சொன்னது: நிறுத்திவைக்கிற கவர்னர் மசோதாவைத் திருப்பியனுப்ப வேண்டும், வைத்துக்கொண்டே இருந்து மசோதாவைச் சாகடிக்கக் கூடாது. தமிழ்நாட்டு வழக்கிலே 2025 ஏப்ரல் 8-ஆம் நாள், நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். மறுபடி நிறைவேறிய மசோதாக்களை ஒதுக்கியது செல்லாது. பத்தும் இசைவு பெற்றதாகவே கொள்ளப்படும். இனிக் கவர்னர்கள் ஒரு மாதம், மூன்று மாதம் என்ற கால எல்லைக்குள் முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். மூன்றாம் நாள், ஏப்ரல் 11-இல், பத்தும் அரசிதழில் சட்டங்களாக வெளிவந்தன. கவர்னரின் கையெழுத்து இல்லாமல்!

டில்லி சும்மா இருக்குமா? மே 13-ஆம் நாள் குடியரசுத் தலைவரின் பெயரால் 14 கேள்விகள் உச்சநீதி மன்றத்துக்குச் சென்றன. நவம்பர் 20-ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கருத்துரைத்தார்கள். கால எல்லையை நீதிமன்றம் விதிக்க முடியாது என்றார்கள். இசைவு பெற்றதாகக் கொள்ளும் முறையும் கூடாது என்றார்கள். நமக்கு வருத்தந்தான், மறைக்கவில்லை. ஆயினும் அந்தக் கருத்துரையிலும் ஓர் இடம் உறுதியாக நின்றது. வெறுமனே நிறுத்திவைக்கும் உரிமை கவர்னருக்கு இல்லை. நிறுத்திவைத்தால் தம் கருத்தோடு மன்றத்துக்குத் திருப்பியனுப்ப வேண்டும். காரணமின்றி, முடிவின்றி வைத்துக்கொண்டே இருந்தால் நீதிமன்றம் கேட்கலாம் என்றார்கள்.

ஆக, திண்ணைத் தாயின் 'அப்படீன்னா?'வுக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. 'வித்ஹோல்டு' என்றால் மடியில் கட்டிக்கொள்வது அன்று. காரணத்தைச் சொல்லித் திருப்பிக் கொடுப்பது. மறுபாதி — எத்தனை நாளுக்குள் என்பது — இன்னும் மேசை அறையிலே!

அவர்கள் கேட்பதும் நாம் சொல்வதும்

நம்மை மறுப்போர் ஒரு வாதத்தை நீட்டுகிறார்கள். அதையும் கேட்போம். "சட்டமன்றம் தவறான சட்டத்தை அவசரத்திலே நிறைவேற்றிவிட்டால்? தடுப்பதற்கு ஒருவர் வேண்டாமா?" என்கிறார்கள். 1986-ஐ எடுத்துக் காட்டுகிறார்கள். அந்த ஆண்டு பார்லிமெண்ட் நிறைவேற்றிய தபால் சட்டத் திருத்தம், மக்களின் கடிதங்களைச் சர்க்கார் பிரித்துப் பார்க்க வழி செய்தது. குடியரசுத் தலைவர் ஜெயில்சிங் அதற்கு இசைவு தரவில்லை, திருப்பியனுப்பவுமில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். மக்களின் உரிமை பிழைத்தது. "அது நல்லதல்லவா?" என்று கேட்கிறார்கள்.

விளைவு நல்லதுதான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒரு நல்லவர் நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தினார் என்பதால் ஓர் ஆயுதம் நல்லதாகிவிடாது. அடுத்து அதை எடுப்பவர் யார் என்பது நமக்குத் தெரியாதே! மேலும், கூடாது என்று கருதியதை 'இன்ன காரணத்தால் கூடாது' என்று எழுதித் திருப்பியனுப்பி இருந்தால், நாடே அந்தக் காரணத்தைப் படித்திருக்கும், விவாதித்திருக்கும். மௌனம் யாருக்கும் எதையும் கற்பிப்பதில்லை.

தடுப்பே கூடாது என்றா சொல்லுகிறோம்? இல்லை. 2025 மே மாதம் அந்தப் பல்கலைக் கழகச் சட்டங்களின் துணைவேந்தர் நியமனப் பகுதிகளுக்குச் சென்னை உயர்நீதி மன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நமக்கு உவப்பானதன்று அது. ஆனாலும் அது திறந்த மன்றத்திலே விதிக்கப்பட்ட தடை. எழுதப்பட்ட காரணம் இருக்கிறது. மேலே சென்று முறையிட இடமிருக்கிறது. தடுத்தவர் முகத்தை நாடு பார்க்கிறது. சுவரோடு வாதாடலாம், மூடிய கையோடு எப்படி வாதாடுவது?

தமிழர்களாகிய நாமும் தடுத்தல் அறியாதவர்களல்லர். 'மறியல்' என்ற சொல்லை அரசியலுக்கு ஆக்கிக்கொண்டவர்கள்தாமே நாம்! 1938-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துப் பள்ளிக்கூட வாசலிலே நின்றார்களே, தாய்மார்களும் இளைஞர்களும், அவர்களும் தடுத்தவர்கள்தான். ஆனால் எப்படித் தடுத்தார்கள்? நடுப்பகலிலே, நடுத்தெருவிலே. பெயர் சொன்னார்கள், காரணம் சொன்னார்கள், கை நீட்டினார்கள், விலங்கு பூண்டார்கள், சிறை சென்றார்கள். தடுத்ததற்கான விலையைத் தங்கள் உடலாலே கொடுத்தார்கள்.

எளியவன் தடுத்தால் மறியல், அதற்குச் சிறை. பெரிய இடத்தில் தடுத்தால் 'வித்ஹோல்டு', அதற்கு மாளிகை. எளியவனின் தடுப்பு ஒரு பொழுது நீடிக்கும். மாளிகையின் தடுப்பு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். எது நாட்டுக்குப் பெரிய இடையூறு என்று நெஞ்சிலே கைவைத்துச் சொல்லட்டும்!

ஆட்டின் தாடியோடு கவர்னர் பதவியை அண்ணா ஒப்பிட்டபோது சிலர் சிரித்தார்கள், சிலர் சினந்தார்கள். தாடி ஆட்டுக்குப் பயன்படாது என்பதோடு நின்றிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். அந்தத் தாடி ஆட்டின் வாயையே கட்டிப்போடுகிறது என்பதல்லவா இந்த நூற்றாண்டிலே நாம் கண்டது! மாநிலங்களின் உரிமையை ஆராய 1969-இல் ராஜமன்னார் குழுவை அமைத்ததும், 1974-இல் மாநில சுயாட்சித் தீர்மானத்தைச் சட்டமன்றத்திலே நிறைவேற்றியதும் விளையாட்டுக்கு அன்று. ஒன்றிய அரசே அமைத்த பூஞ்சி ஆணையம்கூட 2010-இல், மசோதாவின்மீது கவர்னர் ஆறு மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையையும் 'வித்ஹோல்டு' செய்துவிட்டார்கள் போலும்!

நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. கால எல்லை விதிப்பது நீதிமன்றத்தின் வேலையன்று என்றால், அது பார்லிமெண்டின் வேலை. 200, 201 ஆகிய இரண்டு பிரிவுகளிலும் நாளை எழுதுங்கள். மாநிலச் சட்டமன்றத்துக்கு ஆறு மாதம் என்று எழுதத் தெரிந்த கைக்கு, கவர்னருக்கு இத்தனை நாள், குடியரசுத் தலைவருக்கு இத்தனை நாள் என்று எழுதத் தெரியாதா? கொடுப்பதானால் கொடுங்கள். கூடாதென்றால் காரணத்தோடு திருப்பிக் கொடுங்கள். கையை மட்டும் மூடிக்கொள்ளாதீர்கள். அந்தக் கையில் இருப்பது உங்களுடையதன்று.

அந்தத் திண்ணையிலே மகன் இன்னும் உட்கார்ந்திருக்கிறான். தாய் மீண்டும் கேட்கிறாள்: "தோத்துட்டேன்னாவது சொல்லிட்டா, திரும்பப் படிச்சு எழுதலாமே! ஒண்ணுமே சொல்லாம வெச்சிருந்தா எப்படிடா?"

படிக்காத அந்தத் தாய்க்குப் புரிந்தது, படித்தவர்கள் அமர்ந்திருக்கும் டில்லிக்குப் புரியவேண்டும். புரிகிறவரையில் நாமும் கேட்டுக்கொண்டேயிருப்போம்.